மாலை சூடிய வேலும் முனை சிதைந்த வேலும்

(தமிழாசிரியர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



விடைத்தாள் திருத்துவோர் கண்ணில் ஆண்டுதோறும் படுகின்ற ஒரு விடையிலிருந்து இப்பேச்சைத் தொடங்குதல் பொருந்தும். வினா இதுதான்: புறநானூற்று 95ஆம் பாட்டின் கருத்தை எழுதுக. மாணாக்கன் எழுதுகின்றான்: தொண்டைமானுடைய படைக்கலங்கள் மயிற்பீலியும் மாலையும் அணிந்து, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய பெருமனையில் அழகாக இருக்கின்றன என்று ஔவையார் பாராட்டுகின்றார், அதியமானுடைய படைக்கலங்களோ முனை சிதைந்து கொல்லனது சிறுகொட்டிலில் கிடக்கின்றனவே என்று வருந்துகின்றார்.

சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் இவ்விடையிற் பெரும்பிழை ஏதுமில்லை. பீலி இருக்கின்றது, மாலை இருக்கின்றது, கொல்லன் கொட்டிலும் இருக்கின்றது. உரைநூலில் உள்ளவாறே உள்ளது. ஆதலின் மதிப்பெண்ணும் குறைவின்றிக் கிடைத்துவிடுகின்றது. ஆனால் பாட்டு போய்விட்டது. பலாப்பழத்தை அரிந்து, தோலைப் பொத்திவைத்துக்கொண்டு சுளையை எறிந்த கதையாக முடிந்தது.

பிழை மாணாக்கனுடையது அன்று. பாட்டிலுள்ள சொல் ஒவ்வொன்றுக்கும் அவனுக்குப் பொருள் கற்பிக்கப்பட்டது. அச்சொற்களை யார், யாரிடம், எவ்விடத்தில் நின்று, எத்தகைய குரலிற் சொன்னார் என்பது கற்பிக்கப்படவில்லை.

இனி அந்த இடத்தைப் பார்ப்போம். தகடூர்த் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி. இன்றைய தருமபுரியே அன்றைய தகடூர். அவன் தூதுவிட, ஔவையார் தொண்டைமானிடம் செல்கின்றார். தொண்டைமான் அவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று காட்டுகின்றான். இவ்வளவும் பாட்டுக்குள் இல்லை. பாட்டின் அடியிலுள்ள பழங்குறிப்பில் இருக்கின்றது. அக்குறிப்பு பாடியவர் எழுதியதன்று, தொகுத்தோரோ அவர்க்குப் பின்வந்தோரோ சேர்த்தது என்பர். யார் சேர்த்திருந்தாலும் அவர்க்குத் தமிழுலகம் கடன்பட்டுள்ளது. 1894இல் உ. வே. சா. அவர்கள் புறநானூற்றை அச்சேற்றியபோது பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு குறிப்பை விட்டிருந்தால், நம் மாணாக்கனுடைய விடையை மறுக்க எவர்க்கும் வழியிருந்திராது.

தூது வந்தவரிடம் ஒருவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகின்றான் என்றால் எதற்காக? விருந்தோம்பலுக்காகவா? அச்சுறுத்துதற்காக. 'போய் உன் தலைவனிடம் சொல்' என்பதே அவன் வாய் திறவாமற் சொன்ன செய்தி. வந்தவர் என்ன செய்யலாம்? அஞ்சலாம், அஞ்சினால் தூது தோற்றது. வெளிப்படையாக இகழலாம், இகழ்ந்தால் அந்நொடியே போர் மூளும், நிற்பதோ பகைவன் மனைக்குள். ஔவையார் மூன்றாம் வழியொன்று கண்டார். புகழ்ந்தார். அந்தப் புகழ்தான் பாட்டு.

சொன்ன புகழில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். பீலி அழகுதான், நெய் பளபளப்புத்தான், மனை பெரிதுதான். ஆனால் வேலுக்கு அழகு எது? பகைவன் உடலிற் பாய்வது. பாய்ந்த வேலுக்குப் பீலி நிற்குமா? மாலை வாடாதிருக்குமா? நெய்ப்பூச்சு எஞ்சுமா? இவை மூன்றும் குலையாமல் இருக்கின்றன என்று சொன்ன அளவில், இவை போர்க்களம் கண்டதே இல்லை என்பது தானே விளங்கிவிடுகின்றது. விளங்க வேண்டியவனுக்கு விளங்கும். விளங்காவிட்டால் தன்னைப் புகழ்ந்ததாக எண்ணி மகிழ்ந்துகொண்டிருப்பான். அதுவும் தூதுவர்க்கு ஒரு வெற்றியே.

இத்தகைய பேச்சுக்கு என்ன பெயர்? ஆங்கிலம் கற்றோர் உடனே 'ஐரனி' என்பர். வடமொழிவழி வந்தோர் 'தொனி' என்றும் 'ரசம்' என்றும் தொடங்குவர். தமிழிற் சொல் இல்லாமையாலன்றோ பிறமொழிச் சொல் வேண்டியிருக்கின்றது என்று கேட்பாரும் உளர். அவர்கள் தொல்காப்பியச் செய்யுளியலை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். செய்யுளுக்கு அங்கே 34 உறுப்புகள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றுள் மாத்திரையும் அசையும் சீரும் அடியும் மட்டுமா உள்ளன? கூற்று உள்ளது, யார் பேசுவது என்பது. கேட்போர் உள்ளனர். களன் உள்ளது. காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் எல்லாம் உள்ளன. இவற்றின் வரிசையிலேயே 'முன்னம்' என்று ஓர் உறுப்பு வருகின்றது: இந்த இடத்தில், இந்தப் பேச்சு, இன்னார்க்கு இன்னார் சொல்லுதற்குரியது என்று அறிந்து அவ்வாறு உரைப்பது. பேசுவோர் குரலின் நிலையை இதைவிடச் செறிவாகச் சுட்டுஞ்சொல் வேறெது? வசைக்கும் அங்கேயே இடம் வகுக்கப்பட்டுள்ளது. அங்கதம் இருவகை: வெளிப்படையாக இகழ்வது செம்பொருள் அங்கதம், இகழ்ச்சியைச் சொல்லுக்குள் மறைத்து மொழிவது பழிகரப்பு. ஔவையார் மொழிந்தது பழிகரப்பு. சொல் இருக்கின்றது, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சொல்லாகவே இருக்கின்றது.

இவ்வளவு சொன்னவுடன் அவையில் கைதட்டல் எழுவது இயல்பு. தனித்தமிழ் அன்பர்க்கு இதில் மகிழ்ச்சி மிகும். கை தட்டுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. இந்த 34 உறுப்புகளையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கக்கூடிய புலவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அவற்றுள் ஒன்றையேனும் ஒரு பாட்டின்மேல் வைத்து உரைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? முன்னம் என்னுஞ் சொல் தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படுகின்றது. தேர்வு முடிந்ததும் நெய் பூசி உள்ளே வைக்கப்படுகின்றது. மாலையும் சூட்டுகின்றனர். தொண்டைமான் கொட்டில் காஞ்சிப் பக்கத்தில் மட்டுந்தான் இருந்தது என்று எண்ணிவிட வேண்டா. 'ஐரனி' என்னும் பிறமொழிச் சொல்லைச் சொல்லியேனும் ஓர் ஆசிரியர் ஔவையின் குரலை மாணாக்கர் காதிற் கேட்கச் செய்தாரானால், பழிகரப்பு என்னுஞ் சொல்லை அறிந்தும் அதைச் செய்யாத புலவரைவிட அவர் பாட்டுக்கு அருகில் நிற்கின்றார். கசப்பாயினும் இது மெய்.

ஆகவே அச்சொற்களை எடுத்து இப்பாட்டின்மேலேயே வைத்துப் பார்ப்போம்.

மெய்ப்பாடு எது? எட்டனுள் எதைச் சொல்வது? நகை என்று ஒருவர் சொல்லலாம். நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் முதலாவது எள்ளல். இங்கே எள்ளல் இருக்கின்றது. ஆனால் அது பாட்டின் மேற்பரப்பு. உள்ளே நிற்பது பெருமிதம். பெருமிதத்துக்குக் கூறப்படும் நான்கு நிலைக்களன்களுள் தறுகண்ணும் உண்டு, கொடையும் உண்டு. இவ்விரண்டையும் மறவாமல் வைத்துக்கொள்ள வேண்டும். சிறிது பின்னர் தேவைப்படும். மேலே எள்ளலும் உள்ளே பெருமிதமுமாக ஒரே மூச்சில் இரண்டு ஓடுகின்றன. 'இப்பாட்டின் மெய்ப்பாடு யாது? ஒரு சொல்லில் விடை தருக' என்று வினாத்தாள் கேட்பது எவ்வளவு பேதைமை என்பது இதனால் விளங்கும்.

சுட்டைப் பாருங்கள். தொண்டைமான் படைக்கலங்களுக்கு 'இவை' என்னும் அண்மைச் சுட்டு. அதியமான் படைக்கலங்களுக்கு 'அவை' என்னும் சேய்மைச் சுட்டு. கண்ணெதிரே நிற்பவை இவை. எங்கோ தகடூரில் கிடப்பவை அவை. பகைவன் மனைக்குள் நின்றுகொண்டே அவர் உள்ளம் அங்கே சென்றுவிட்டது. மாத்திரை முதல் அடி வரையில் ஒவ்வொன்றையும் மீண்டும் நோக்கச் செய்வதை 'நோக்கு' என்று ஓர் உறுப்பாக வைத்தாரே, அதன் பயன் இதுவே. ஈரெழுத்துச் சுட்டும் நோக்கத் தக்கது.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் காணாமலே கடந்துவிடுகின்றனர். அதியமான் வேல்களைச் சொல்லத் தொடங்கும்போது ஔவையார் அவற்றின் நுனி சிதைந்துவிட்டது என்கின்றார். பாட்டை முடிக்குமிடத்தில் அதே வேலைக் 'கூரிய நுனியுடைய வேல்' என்கின்றார். நுனி சிதைந்தது என்று சொன்ன வாய்தானே கூரிய நுனி என்றும் சொல்கின்றது? முரணா? முரணன்று. சிதைந்த நுனியே கூரிய நுனி. பகைவர்மேற் பாய்ந்து சிதைந்ததனாலேயே அது கூரியது என்று பெயர் பெற்றது. நெய் பூசிய கொட்டிலில் உள்ளவற்றுக்குக் கூர்மை பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். பீலி சொன்னார், மாலை சொன்னார், காம்பு சொன்னார், நெய் சொன்னார், மனை சொன்னார். கூர்மையை மட்டும் சொல்லாமல் விட்டார். இதுதான் எச்சம். சொல்லாமல் விட்டதும் செய்யுளின் உறுப்பே என்று கண்ட மரபு எவ்வளவு நுண்ணியது!

இனிப் பாட்டின் பொருள். பாடத்தைக் கேட்ட பெரும்பாலோர் இது போர்ப்பாட்டு, மறத்தின் சிறப்பைக் கூறுவது என்று எழுதிவிடுவர். துறையும் வாள்மங்கலம் என்றே வகுக்கப்பட்டிருக்கின்றது. அப்படியானால் பாட்டின் கடைப்பகுதி எதற்கு? அங்கே ஔவையார் படைக்கலத்தை விட்டுவிட்டுச் சோற்றைப் பற்றிப் பேசுகின்றார். என் தலைவன் உள்ளபோது பிறர்க்குக் கொடுப்பான். இல்லாதபோது இருப்பதை அவர்களோடு உடனிருந்து உண்பான். அவன் இல்லாதவர்களுடைய சுற்றத்துக்குத் தலைவன் என்கின்றார். மாணாக்கன் தன் விடையில் இப்பகுதியை விட்டுவிட்டான் என்பதை முன்னரே கண்டிருப்பீர்கள். உரைநூலே இதனை 'மேலும் அவனது கொடைச் சிறப்பையும் கூறுகின்றார்' என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டால் மாணாக்கன் என்ன செய்வான்?

படைக்கலக் கொட்டிலில் நின்று ஒருவர் சோற்றைப் பற்றி ஏன் பேச வேண்டும்? இக்கேள்வியைக் கேட்டவுடன் பாட்டின் கதவு திறக்கின்றது. தொண்டைமான் காட்டியது வேல்களை. வேலைப் பிடிக்கும் கை எங்கே என்பது ஔவையார் கேளாமற் கேட்ட கேள்வி. அதியமான் வேல்கள் தேய்வதற்குக் கரணியம் அவனோடு ஒரு கலத்தில் உண்டவர்கள் அவற்றை ஏந்தியமையே. இல்லாத நாளில் உடன் உண்டவனுக்காகக் களத்திலும் உடன் நிற்பர். பூட்டிக் காவல் வைத்த மனையில் இருப்பது வேல். திறந்துகிடக்கும் சிறுகொட்டிலுக்குக் காவலே வேண்டா, அதற்கு ஊரே காவல். முன்னே குறித்த தறுகண்ணும் கொடையும் இவ்விடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. கொடையே தறுகண்ணின் வேர் என்பதுதான் இப்பாட்டின் பொருள். எள்ளல் அதற்கு வாயில். வாயிலிலேயே நின்று, ஔவையார் எவ்வளவு அழகாகக் கிண்டல் செய்தார் என்று வியந்து திரும்பிவிடுவோர், பாட்டை அறியாதவரினும் சிறிதே மேலானவர்.

பழிகரப்பு எங்கே நிற்கின்றது என்பதற்குத் திருக்குறளிலும் சான்று உண்டு. கயமை அதிகாரத்தின் முதல் மூன்று குறட்பாக்களையும் (1071 முதல் 1073 வரை) மேலோட்டமாகப் படித்தால் வள்ளுவர் கயவரைப் போற்றுவது போலவே இருக்கும். மக்களைப் போலவே இருக்கின்றனர், இத்தகைய ஒப்புமையை வேறெங்கும் கண்டதில்லை என்கின்றார். நெஞ்சிற் கவலையே இல்லாமையால் நல்லறிவுடையாரினும் பேறுடையர் என்கின்றார். மூன்றாவதிலோ, தாம் விரும்பியதையே செய்தொழுகுவதால் தேவரை ஒப்பர் என்று உச்சியில் ஏற்றிவிடுகின்றார். அந்த அடி கயவர்மேல் மட்டுமா விழுந்தது? கேட்பாரின்றி விரும்பியதைச் செய்யும் தேவர்மேலும் ஒன்று விழவில்லையா? உரையாசிரியர்கள் இதனைப் பெரிதுபடுத்தவில்லை; அவரவர் நெறி அவரவர்க்கு. படிப்பவர் காது திறந்திருந்தால் இரண்டு அடியும் கேட்கும்.

இங்கே ஓர் ஐயம் எழும். எல்லாப் புகழும் பழிகரப்போ? அல்ல. அதியமான் நெல்லிக்கனி ஈந்தபோது அதே ஔவையார் பாடிய 91ஆம் பாட்டில் மறைவு ஏதுமில்லை. அது நெஞ்சு நிறைந்த வாழ்த்து. அதிலும் கிண்டல் தேடுவோர் வேறுவகைக் குருடர். அத்தகையோர் இப்போது பெருகிவருகின்றனர். எதைப் படித்தாலும் 'உள்ளே வேறொன்று இருக்கின்றது' என்று கண் சிமிட்டுவது அறிவு என்று எண்ணிக்கொள்கின்றனர். இரட்டுறமொழிதலையும் இதனோடு குழப்புவோர் உளர். இருபொருள் படப் பாடுவது சொல்லாடல். அதிற் சிரிப்பு உண்டு, பெரும்பாலும் இடர் இல்லை. பழிகரப்பில் இடர் உண்டு; சொல்பவர் எளியவராகவும் கேட்பவர் வலியவராகவும் நிற்குமிடத்தில் பிறப்பது அது. எனவே களத்தையும் கேட்போரையும் பாராமல் சொல்லை மட்டும் பார்த்து இது பழிகரப்பு என்று துணிதல் ஒவ்வாது.

கபிலர் மூவேந்தர்க்குச் சொன்னதை எண்ணுக. பறம்பை முற்றியிருந்த அவர்களிடம், 109ஆம் பாட்டில், போரினால் இம்மலை கிட்டாது, கொள்ளும் வழியை நான் அறிவேன் என்று தொடங்குகின்றார். பகைவர்க்கு வழி காட்டுகின்றாரே என்று தோன்றும். காட்டிய வழி யாது? யாழ் மீட்டிக்கொண்டு, விறலியர் பின்தொடர, ஆடியும் பாடியும் வாருங்கள்; நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான். முடியுடை வேந்தரை இரவலர் கோலம் பூணச் சொல்கின்றார்! இதிலும் பொய் இல்லை. பாரி மெய்யாகவே கொடுத்துவிடுவான். பொய் கலவாத சொல்லே பழிகரப்பில் கூர்மை மிக்கது.

அதன் பின்னர் பாரி இறந்தான். மூவேந்தரும் நேர்நின்று வெல்லமாட்டாமல் சூழ்ச்சியால் அவனைக் கொன்றனர் என்பது வழிவழிச் செய்தி. அவன் மகளிர் பாடிய 112ஆம் பாட்டு ஐந்தே அடி. சென்ற திங்களின் நிலவில் தந்தை இருந்தான், குன்று தம்மிடம் இருந்தது. இந்தத் திங்களின் நிலவில் குன்று வேந்தரிடம் சென்றது, தந்தை இல்லை. இவ்வளவே செய்தி. கண்ணீர் என்னுஞ் சொல் இல்லை. அழுகை என்னுஞ் சொல் இல்லை. ஆனாலும் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இதனினும் சிறந்த சான்று கழக இலக்கியத்தில் அரிது. ஔவையின் பாட்டிற்போலவே இங்கும் சேய்மையும் அண்மையும் எதிரெதிர் நிற்கின்றன: அன்று, இன்று, அந்நிலவு, இந்நிலவு. அங்கே எள்ளலுக்கு உதவிய அதே சுட்டு இங்கே நெஞ்சை அறுக்கின்றது.

இந்த ஐந்தடிக்குள் வேந்தர்க்கு ஓர் அடைமொழி வருகின்றது: வென்று முழங்கும் முரசுடைய வேந்தர். பொழிப்புரையில் அஃது அரசர்க்குரிய வழக்கமான சிறப்பாகக் கடந்து போகும். ஆனால் சொல்பவர் யார்? தந்தையை இழந்த பெண்மக்கள். எந்த வெற்றி? நேர்நின்று பெறாத வெற்றி. அந்த முரசை அவர்கள் எத்தகைய குரலில் சொல்லியிருப்பர்? உரத்த குரலில் அன்று. சீறியும் அன்று. மற்ற சொற்களைச் சொன்ன அதே தாழ்ந்த குரலில், அழுத்தம் ஏதும் கொடாமற் சொல்லியிருப்பர். அப்படிச் சொல்லும்போதுதான் அது சுடும். ஆசிரியர் வகுப்பில் இதனைப் படிக்கும்போது அவ்விடத்திற் குரலை உயர்த்தினாரானால் பாட்டு கெட்டது.

குரலறிந்து படிக்கப் பழகாத மாணாக்கன் பாட்டை மட்டுமா இழக்கின்றான்? மேடையில் ஒருவர்க்கு மாலை சூட்டி அடுக்கடுக்காகப் புகழும்போது, புகழ்கின்றவர் எதை விட்டுவிட்டார் என்று அவனுக்குக் கேட்கத் தெரியாது. தன்னையே ஒருவர் புகழ்மொழியால் இகழ்ந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வருவான். எளியவர் வலியவரிடம் பேசிய பேச்சின் ஒருபாதி இவ்வகையிலேயே மறைந்து நிற்பதால், தன் முன்னோர் பேசியதில் ஒருபாதி அவனுக்குச் செவிப்படாமலே போய்விடும்.

சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஒருவர் உரைநூலை மூடச் சொல்லிவிட்டு இந்த 95ஆம் பாட்டை நடத்தினார். மாணவன் ஒருவனைத் தொண்டைமானாக நிறுத்தினார். மாணவி ஒருத்தியை ஔவையாக வரச் சொன்னார். முதன்முறை அவள் மெய்யாகவே வியப்பது போலப் படித்தாள். இரண்டாம் முறை, எதிரில் நிற்பவனுடைய வேல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மெல்லப் படிக்கச் சொன்னார். பீலிக்கு வந்தபோதே வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிட்டது. தொண்டைமானாக நின்றவன் முகம் சிவந்தது. "முதன்முறைக்கும் இரண்டாம் முறைக்கும் ஒரு சொல்லாவது மாறிற்றா?" என்று ஆசிரியர் கேட்டார். இல்லை என்றனர்.

பின்வரிசையில் இருந்த கொல்லர் வீட்டுப் பையன் எழுந்தான். வகுப்பில் வாய் திறவாதவன். "ஐயா, எங்கள் பட்டறைக்கு வருகிற மண்வெட்டி எல்லாம் வேலை செய்த மண்வெட்டிதான். வேலை செய்யாதது அவர்கள் வீட்டுச் சுவரிலேயே சாய்ந்திருக்கும்" என்றான்.

ஆசிரியர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவனையே முன்னுக்கு அழைத்து, பாட்டின் பின்பகுதியை, கொல்லன் கொட்டிலிலிருந்து இறுதி வரையில், படிக்கச் சொன்னார். அவன் தட்டுத்தடுமாறித்தான் படித்தான். முடித்ததும் ஔவையாக நின்ற பெண் கேட்டாள்: "தொண்டைமானுக்கு அங்கேயே விளங்கியிருக்குமா, ஐயா? அல்லது அவர் போனபிறகு, இரவு படுக்கையில்தான் விளங்கியிருக்குமா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மணி அடித்த பின்னும் அந்த வழக்கு முடியவில்லை.